'ஃப்ரெய்ல்டி' படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை நான் யாருக்காவது சொல்லி அவர்கள் பார்த்துவிட்டால், மறுநாள் காலையில் கேள்விகள் வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் ஐந்து கேள்விகளில் முடிவைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் உடைத்துப் பேசியிருக்கிறேன், அதனால் படம் பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்தபின் வாருங்கள்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

2001-இல் முடிந்து, 2002 ஏப்ரலில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம். இயக்கியவர் பில் பாக்ஸ்டன். பெயர் ஞாபகம் வராவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: 'டைட்டானிக்'கில் மூழ்கிய கப்பலுக்குள் வைரத்தைத் தேடும் குழுவின் தலைவராக வருவாரே, அவர்தான். முழுநீளப் படம் ஒன்றை அவர் இயக்கியது இதுதான் முதல் தடவை. கதையின் தந்தையாகவும் அவரே நடித்திருக்கிறார். எழுதியவர் பிரென்ட் ஹான்லி. மேத்யூ மெக்கானகேயும் பவர்ஸ் பூத்தும் இன்னும் இரண்டு முக்கிய வேடங்களில். பாக்ஸ்டன், மெக்கானகே, பூத் மூவருமே டெக்சஸில் பிறந்தவர்கள், கதை நடப்பதும் டெக்சஸில், அதனால் அவர்கள் பேசும் விதத்தில் ஒட்டவைத்த உணர்வே இல்லை. ஒளிப்பதிவு பில் பட்லர், 'ஜாஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர். மொத்தம் 100 நிமிடம்.

முடிவைக் கெடுக்காமல் கதையைச் சொல்ல முடியுமா?

முடியும். ஒரு ராத்திரி டல்லாஸில் இருக்கும் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்கு ஒரு ஆள் (மெக்கானகே) வருகிறான். 'கடவுளின் கை' என்ற பெயரில் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் தொடர்கொலைகாரன் என் தம்பி ஆடம்தான், அவன் இப்போது உயிரோடு இல்லை என்கிறான். தன் பெயர் ஃபென்டன் மீக்ஸ் என்றும் சொல்கிறான். அதிகாரி டாய்ல் (பவர்ஸ் பூத்) நம்பவில்லை. சரி, முதலிலிருந்து சொல்கிறேன் என்று அவன் தொடங்க, கதை 1979-க்குப் போகிறது.

தர்மன் என்ற சிற்றூர். ஊர்ப் பொது ரோஜாத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. அப்பா கார் மெக்கானிக். அம்மா இல்லை, இளையவன் பிறந்தபோதே இறந்துவிட்டாள். அப்பாவும் இரண்டு பையன்களும் ஒருவரையொருவர் நம்பி நிம்மதியாக வாழ்கிறார்கள். ஒரு நடுராத்திரி அப்பா வந்து இருவரையும் எழுப்பிக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தேவதூதன் தனக்குத் தோன்றினான் என்கிறார். உலகம் முடியப்போகிறது, மனித உருவில் பிசாசுகள் நடமாடுகின்றன, அவற்றை அழிக்கும் வேலையைக் கடவுள் நம் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்கிறார். சின்னவன் ஆடம், அப்படியானால் நாமெல்லாம் சூப்பர் ஹீரோக்களா என்று கேட்கிறான். ஆமாம் என்கிறார் அப்பா. பெரியவன் ஃபென்டன் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். விடிந்ததும் அதெல்லாம் வெறும் கனவாக இருக்கட்டும் என்று அவன் எதிர்பார்க்கிறான். கனவு இல்லை.

பேய்ப் படமா? ரத்தம் அதிகமா?

பேய்ப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். கோடரி உண்டு, கொலையும் உண்டு, ஆனால் வெட்டு விழும் இடத்தைக் கேமரா பெரும்பாலும் காட்டுவதே இல்லை, அப்பாவின் முகத்தையும் பையன்களின் முகத்தையும்தான் காட்டும். மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம் குறைவு என்பதை நம்பிக் காட்டிவிடாதீர்கள். அப்பா என்பவரை நம்பலாமா என்ற சந்தேகத்தை ஒரு குழந்தையின் மனதில் போடக்கூடிய படம் இது.

அப்படியென்ன பயம் இதில்?

அப்பா நல்லவர். அதுதான் பயம்.

மதவெறி பிடித்த தந்தை என்றால் சினிமாவில் நமக்கு ஒரு படிமம் பழகிப்போயிருக்கிறது: கத்துவார், பெல்ட்டால் அடிப்பார், வேதப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டி மிரட்டுவார். பாக்ஸ்டன் இதில் எதையும் செய்யவில்லை. வேலை முடிந்து வரும் சாதாரணத் தகப்பன், பிள்ளைகளைப் பாசமாகப் பேசிக் கூப்பிடுபவர், தேவதூதனைப் பற்றிச் சொல்லும்போதுகூட வீட்டில் ஒரு நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்கிற முகம்தான் அவருக்கு. ஃபென்டன் மறுத்துப் பேசும்போது அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வருகிறது. வெறுத்துவிடக்கூடிய அப்பாவாக இருந்தால் அந்தப் பையன் தப்பித்து ஓடியிருப்பான். இவரை வெறுக்க முடியவில்லை, இவர் சொல்வதைச் செய்யவும் முடியவில்லை, பத்து பன்னிரண்டு வயதில் அவன் எங்கே போவான்? ஓடிப்போகலாம் என்று தம்பியைக் கூப்பிடுகிறான். தம்பி வர மாட்டேன் என்கிறான். தம்பியை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. படத்தின் முதல் பாதி முழுக்க அவனைக் கட்டிப்போடுவது இந்தப் பாசம்தான்.

இதை என் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் வீட்டில் சின்னவன். பாதிப் படத்தில் அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா சொல்லியிருந்தா நீ செஞ்சிருப்ப, நான் மாட்டேன்னு சொல்லி அடிவாங்கியிருப்பேன்" என்றான். நான் பதில் சொல்லவில்லை, அவன் சொன்னது சரி. மூத்த பிள்ளைகளும் இளைய பிள்ளைகளும் இந்தப் படத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

(இதற்கு மேல் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.)

முடிவு குழப்பமாக இருக்கிறது. வந்தவன் யார், செத்தவன் யார்?

எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்கு வந்தவன் ஃபென்டன் அல்ல, ஆடம். இறந்துபோனவன்தான் ஃபென்டன். 'கடவுளின் கை' என்று தேடப்பட்ட கொலைகாரனும் ஃபென்டன்தான். அண்ணனைக் கொன்று ரோஜாத் தோட்டத்தில் புதைத்தது ஆடம். சின்ன வயதில் அண்ணன் அவனிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தான்: என்றைக்காவது நீ என்னை அழித்தால் என்னை இங்கேயே புதைக்க வேண்டும் என்று. அந்த வாக்கைத்தான் காப்பாற்றியிருக்கிறான்.

டாய்லை அங்கே கூட்டிப்போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அழிக்க வேண்டிய பிசாசுகள் என்று கடவுள் கொடுத்த பெயர்களின் பட்டியல் ஒன்று ஆடமிடம் இருக்கிறது, டாய்லின் பெயரும் அதில் உண்டு. தோட்டத்தில் அவரை வெறுங்கையால் தொட்டதும், டாய்ல் தன் சொந்தத் தாயைக் கொன்றது ஆடமுக்குத் தெரிந்துவிடுகிறது. அது வேறு யாருக்கும் தெரியாத ரகசியம். அப்பா தொட்டபோதெல்லாம் அவர் உடம்பு துடித்ததே, அப்போது அவருக்கு என்ன தெரிந்தது என்பதையும் அந்த நேரத்தில்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

டாய்லை ஆடம் அங்கேயே கொன்றுவிட்ட பிறகு, எஃப்.பி.ஐ. ஆட்கள் அன்றைக்கு ராத்திரி பதிவான கண்காணிப்புக் கேமராவைப் போட்டுப் பார்க்கிறார்கள். வந்தவனுடைய முகம் மட்டும் எல்லா இடத்திலும் கலங்கிப்போயிருக்கிறது. அவனை நேரில் பார்த்த அதிகாரிக்கும் முகம் நினைவில்லை. அதே அதிகாரி கொஞ்ச நாள் கழித்து வேறொரு ஊருக்குப் போய் அங்கிருக்கும் ஷெரிஃபோடு கை குலுக்குகிறார். அந்த ஷெரிஃப் ஆடம். அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஆடமின் மனைவி, வயிற்றில் பிள்ளையோடு.

அப்படியானால் கடவுள் நிஜமாகவே பேசினாரா? அப்பாவுக்குப் பைத்தியம் இல்லையா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சுருக்கமாகப் பதில் வேண்டுமென்றால்: கதைக்குள்ளே அப்பா சொன்னது உண்மை. ஆடமின் பேச்சை மட்டும் வைத்து இதை நான் சொல்லவில்லை. 1979-இல் நடந்ததாக நாம் பார்ப்பது முழுக்க ஆடம் வாயால் வருவது, அதை நம்பாமல் ஒதுக்கிவிடலாம். ஆனால் கேமராப் பதிவு கலங்கிப்போனதும், டாய்லின் ரகசியம் வெளிப்பட்டதும் அவன் சொன்ன கதைக்குள் நடந்தவை அல்ல, நம் கண்ணெதிரே நிகழ்காலத்தில் நடந்தவை. அவற்றை விளக்க இந்தப் படம் வேறு எந்த வழியும் வைக்கவில்லை. எல்லாமே ஆடமின் மனப்பிரமைதான் என்று சொல்பவர்கள் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. தேவதூதன் அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான்: உன் மூத்த மகனும் ஒரு பிசாசு. அப்பா அதை ஏற்கவில்லை. மகனைக் கொல்வதற்குப் பதிலாக அவனைத் திருத்தப் பார்க்கிறார். கொல்லைப்புறத்தில் பெரிய குழி ஒன்றை மண்வெட்டி கொடுத்துத் தோண்டச் சொல்கிறார், பையன் நாள்கணக்கில் ஒற்றை ஆளாகத் தோண்டுகிறான். அதுவே பின்னால் நிலவறையாக மாறி, ஆட்களைக் கொண்டுவந்து போடும் இடமாகிறது. கடைசியில் அதே நிலவறையில் அவனையே பூட்டிப்போடுகிறார், கடவுளைப் பார்க்கும்வரை வெளியே விடமாட்டேன் என்று. சோறு இல்லாமல் இருட்டில் கிடந்து, பார்த்துவிட்டேன் என்று சொல்லி வெளியே வந்த பையன், அடுத்த ஆளை வெட்டக் கோடரி கையில் கொடுக்கப்பட்டதும் அதை அப்பாவின் மேலேயே இறக்குகிறான். இவன்தான் பெரியவனாகி 'கடவுளின் கை' ஆகிறான்.

இப்போது சொல்லுங்கள், தேவதூதன் சொன்னது நடந்துவிட்டதா, இல்லை நடக்க வைத்தார்களா? தானே தோண்டிய குழிக்குள் அடைக்கப்பட்ட பிள்ளை வேறு யாராக வளர்ந்திருப்பான்? அப்பா மற்ற எல்லோர் விஷயத்திலும் சரியாக இருக்கலாம், ஃபென்டன் விஷயத்தில் அவர் செய்தது ஒரு குழந்தைக்குச் செய்த கொடுமை, அதற்குக் கடவுளின் கட்டளை கூடக் காரணமில்லை, கடவுள் சொல்லாததைத்தான் அவர் செய்தார். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நான் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். கடவுள் உண்டு என்பதை இந்தப் படம் நிரூபித்துக் காட்டுகிறது. ஆனாலும் மாட்டேன் என்று சொன்ன அந்தச் சிறுவன் பக்கம்தான் என் மனசு நிற்கிறது.

ஆடமே சொல்லும் கதை ஏன் ஃபென்டன் பார்வையில் இருக்கிறது?

டாய்லை ஏமாற்றத்தான் என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறான். அண்ணன் எந்த ராத்திரி பயந்தான், எப்போது அழுகையை அடக்கினான், அப்பாவை எவ்வளவு நேசித்தான், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் அண்ணன் பட்ட பாட்டை இவன் அணு அணுவாகப் புரிந்துவைத்திருக்கிறான். புரிந்தும் கொன்றிருக்கிறான். இரண்டாவது தடவை பார்க்கும்போது மெக்கானகேயின் குரலைத் தம்பியின் குரலாக நினைத்துக்கொண்டு கேளுங்கள், முதல் தடவை தட்டையாகப் பட்ட வரிகளில்கூடத் துக்கம் இருப்பது தெரியும்.

சின்னவன் ஆடம் எழுதிய பட்டியல் காட்சிக்கு என்ன அர்த்தம்?

எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஆடம் தானும் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்து, கடவுள் எனக்கும் பெயர்கள் கொடுத்தார் என்று காட்டுகிறான். அவனோடு வம்புக்கு வரும் ஒரு பையனின் பெயரும் அதில் இருக்கிறது. அப்பா வாங்கிப் படித்துவிட்டுப் பொறுமையாகச் சொல்கிறார்: இதை நீயாக எழுதியிருக்கிறாய், நாம் இப்படிச் செய்தால் அது கொலை, நாம் பிசாசுகளைத்தான் அழிக்கிறோம். ஒரு நல்ல தகப்பன் மகனுக்கு நேர்மையைச் சொல்லித்தருவதுபோலவே அந்தக் காட்சி இருக்கும். அவர் மனதில் கொலைக்கும் கடமைக்கும் நடுவே கோடு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதனால்தான் 1979-இல் அந்த ஊர் ஷெரிஃபைக் கொல்ல நேர்ந்தபோது அவர் உடைந்துபோகிறார். ஃபென்டன் போய் உண்மையைச் சொல்லி அழைத்துவந்த ஆள் அவர். நிலவறையை எட்டிப் பார்த்ததும் அவரை வெட்டிவிட்டு, இதுதான் நான் செய்த முதல் கொலை, உன்னால்தான் செய்தேன் என்று மகனிடம் கதறுகிறார். அதற்கு முன்னால் கோடரிக்குப் பலியானவர்களுக்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பைபிளோடு தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்கு அழைத்துப்போகும் கதை. கத்தியை ஓங்கும் நேரத்தில் தேவதூதன் குரல் கொடுத்துத் தடுத்துவிடுவான், முட்புதரில் சிக்கிய ஆட்டுக்கடா பலியாகும். 'ஃப்ரெய்ல்டி'யில் தடுக்கும் குரல் வருவதே இல்லை. இங்கே மகனைக் கொல்லச் சொன்ன குரலுக்கு அப்பா பணியவில்லை, அதனால் அவரே சாகிறார், கோடரியை இளைய மகன் எடுத்துக்கொள்கிறான். அந்தக் கதையைப் பள்ளியிலோ ஆலயத்திலோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் இன்னும் ஆழமாக இறங்கும். ஈசாக்கு மலையிலிருந்து இறங்கி வரும்போது அவன் மனதில் என்ன இருந்திருக்கும் என்று ஒருமுறையாவது யோசித்தவர்களுக்கு இன்னும் அதிகமாக.

மதத்துக்கு எதிரான படமா?

இல்லை என்பதே என் கருத்து. நம்பிக்கையைக் கேலி செய்யும் ஒரு வரிகூட இதில் கிடையாது. நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் ஒரே அளவுக்குச் சங்கடம் தரும் படம். ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: அப்பா தனக்குக் கிடைத்த தரிசனத்தைப் பற்றி வெளியே யாரிடமும் போய்க் கேட்பதில்லை, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். சோதித்துப் பார்க்க ஆள் இல்லாத நம்பிக்கை அது.

நிஜத்தில் ஒரு குடும்பமே இப்படி ஒருவர் சொல்வதை நம்புமா?

நம்பும். ஒருவருக்கு வந்த பொய்யான உறுதி, கூடவே வாழும் நெருங்கிய இன்னொருவருக்கும் ஒட்டிக்கொள்வதை 1877-இலேயே லாசெக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள், 'இருவர் பைத்தியம்' என்று அர்த்தம் வரும் பிரெஞ்சுப் பெயரை அதற்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் வீட்டில் அதிகாரமுள்ள ஒருவருக்கு முதலில் வரும், அவரை அண்டியிருப்பவர் ஏற்றுக்கொள்வார், அந்தக் குடும்பம் வெளியாட்களோடு அதிகம் ஒட்டாததாக இருக்கும். இருவரையும் பிரித்து வைத்தாலே இரண்டாமவர் பல நேரம் தெளிந்துவிடுவதும் உண்டு. 2018 ஜூலை முதல் தேதி டெல்லி புராரியில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்துகிடந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இறந்துபோன தந்தை தன் வழியாகப் பேசுவதாகச் சொன்ன ஒருவரின் வார்த்தைப்படி அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் நோட்டுப்புத்தகங்களில் கட்டளைகளை எழுதி வைத்து நடந்திருந்தது. படம் நடக்கும் டெக்சஸிலேயே, 2001 ஜூனில் ஹூஸ்டனில் ஒரு தாய் தன் ஐந்து குழந்தைகளைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றார். பிரசவத்துக்குப் பின் வந்த கடுமையான மனநோயில், இவர்களைச் சாத்தானிடமிருந்து காப்பாற்ற இதுதான் வழி என்று நம்பியிருந்தார். முதலில் தண்டனை கிடைத்தது, 2006-இல் நடந்த மறுவிசாரணையில் மனநோயால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. படம் இந்தச் சம்பவத்தை வைத்து எடுக்கப்பட்டதல்ல.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குரல் கேட்கிறவர்கள் எல்லோரும் கோடரி எடுப்பதில்லை, மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. வீட்டில் யாராவது சாமியோ ஆவியோ எனக்குக் கட்டளை போடுகிறது என்று சொல்லத் தொடங்கி, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், பயந்து மறைக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

படம் ஓடியதா?

சுமார். 1 கோடியே 10 லட்சம் டாலரில் எடுத்தது, உலகம் முழுக்கச் சேர்த்து 1 கோடியே 70 லட்சம் டாலருக்குச் சற்று மேல் வசூல். ஆனால் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம், அதாவது முழு மதிப்பெண் கொடுத்தார். வட்டு வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும்தான் இதற்கு ஆள் சேர்ந்தது.

பாக்ஸ்டன் பிறகு ஏன் இப்படி ஒன்று எடுக்கவில்லை?

2005-இல் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி இன்னொரு படம் இயக்கினார், அதோடு சரி. 2017 பிப்ரவரியில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் 61 வயதில் இறந்துவிட்டார். அதே வருடம் மே மாதம் பவர்ஸ் பூத்தும் போய்விட்டார். கார் ஓட்டிக்கொண்டு ராத்திரியில் ரோஜாத் தோட்டம் வரை போகும் அந்த டாய்லை இப்போது பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தடவை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கைகளை. அப்பா வேலை செய்யும் கையுறையை எப்போது போடுகிறார், எப்போது கழற்றுகிறார், யார் யாரை வெறுங்கையால் தொடுகிறார் என்று பாருங்கள். பிடித்துவரும்போது கையுறை இருக்கும், பிறகு கழற்றிவிட்டுத் தொடுவார், உடனே துடிப்பார். அப்புறம் தொடக்கத்தில் அலுவலகத்துக்கு வந்தவன் யாரிடம் கை கொடுக்கிறான் என்று பாருங்கள், கடைசிக் காட்சியில் ஷெரிஃப் கை குலுக்கும்போது அதே அதிகாரியின் முகத்தையும் பாருங்கள். ஆடம் அவர் கையைப் பிடித்து, தொட்டும் எந்தக் குற்றமும் தெரியவராததால், நீங்கள் நல்ல மனிதர் என்று சொல்லி விட்டுவிடுகிறான்.